154 கிலோமீட்டரும் மதுரை ரோடும்

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார லோடு வண்டி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2022 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ஏஸ் இ.வி.யை அறிமுகம் செய்தபோது எல்லோர் கண்ணிலும் பட்ட எண் 154. ஒரு முறை முழுக்க சார்ஜ் ஏற்றினால் 154 கிலோமீட்டர். 2005-இல் டீசல் ஏஸாக வந்து, தமிழ்நாடு முழுக்கக் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய வண்டியின் பேட்டரி வாரிசு அது. இராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 85 கிலோமீட்டர், போய்வர 170. பேட்டரி லோடு வண்டி வாங்க யோசிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் போடுகிற கணக்கு இதுதான்: பதினாறு கிலோமீட்டர்தானே குறைகிறது, மாட்டுத்தாவணியில் லோடு இறக்குகிற நேரத்தில் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொண்டால் ஊர் வந்து சேர்ந்துவிடலாமே!

அந்தக் கணக்கு தப்பு. எங்கே தப்பு, சரியான கணக்கை எப்படிப் போடுவது என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் பேட்டரி வண்டியைக் குறை சொல்லும் நோக்கம் இல்லை. சரியான வேலைக்கு வாங்கினால் அதைப் போல இலாபமான வண்டி இந்த வட்டாரத்தில் வேறில்லை. தப்பான வேலைக்கு வாங்கினால், மாதா மாதம் தவணை கட்டுகிற ஒரு குடும்பத்தை அது நடுரோட்டில் நிறுத்திவிடும். பெரிய கம்பெனிகள் நூறு வண்டி வாங்கி அதில் பத்து சரிப்படாவிட்டாலும் தாங்கும். சொந்த வண்டியை ஓட்டிப் பிழைப்பவருக்கு இருப்பது ஒரே வண்டி. அதனால்தான் இந்த எண்களை இவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டீசல் வண்டிக்காரர்கள் ‘லிட்டருக்கு எத்தனை?’ என்று கேட்பார்கள். பேட்டரி வண்டியில் கேட்க வேண்டியது, கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று. ஏஸ் இ.வி.யின் பேட்டரி 21.3 கிலோவாட் மணி, வீட்டு மீட்டர் கணக்கில் 21.3 யூனிட். அதை 154-ஆல் வகுத்தால் 0.138. அதாவது சோதனையில் அந்த வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 0.14 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் செலவழித்திருக்கிறது. மதுரை ரோட்டில், நூல் மூட்டையோடு, 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே 0.14 வருமா என்பதே கேள்வி.

சான்றிதழில் வருகிற தூரம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., நம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி ஓட்டுவார்கள். சக்கரம் சுழலும், வண்டி இருந்த இடத்திலேயே இருக்கும். எந்த நொடியில் எந்த வேகம் என்று வகுத்துவைத்த ஓர் அட்டவணை உண்டு. அதன் நகரப் பகுதியில் வேகம் 50-ஐத் தாண்டுவதே இல்லை, நிற்பதும் கிளம்புவதுமாகவே போகும். எதிர்க்காற்று கிடையாது, மேடு கிடையாது, குண்டும் குழியுமான தோப்புப் பாதை கிடையாது. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எல்லாக் கம்பெனி வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அப்படி ஒரு முறை தேவை. ஆனால் அது வண்டிகளைத் தம்முள் ஒப்பிடுவதற்கான எண். அதை அப்படியே டிரிப் கணக்கில் போடக்கூடாது.

இதைக் கம்பெனிக்காரர் ஒருவரே வெளிப்படையாகச் சொன்ன நிகழ்வும் உண்டு. சென்னை முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா எலெக்ட்ரிக், 2025 ஜனவரியில் டெல்லி பாரத் மொபிலிட்டி கண்காட்சியில் ‘ஈவியேட்டர்’ என்ற மூன்றரை டன் வண்டியைக் காட்டியது. அதற்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 245 கிலோமீட்டர், ரோட்டில் உண்மையாகக் கிடைக்கும் தூரம் 170 கிலோமீட்டர் என்று இரண்டு எண்களையும் அந்தக் கம்பெனியே கொடுத்தது. பாராட்ட வேண்டிய செயல். 170-ஐ 245-ஆல் வகுத்தால் பத்தில் ஏழு பங்கு. எல்லாக் கம்பெனியும் இப்படி இரண்டு எண்ணையும் அச்சடித்துக் கொடுத்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. ஏஸ் இ.வி.யின் 154-க்கும் அதே பத்தில் ஏழு பங்கு என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது 108. மதுரைக்குப் போகலாம், திரும்ப முடியாது.

இன்னொரு விஷயம். 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ இ.வி.யின் பேட்டரி 14.4 யூனிட்தான், சொல்லப்படும் தூரம் 155 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் வந்த மஹிந்திரா ஜியோவில் 18.4, 21.3 என இரண்டு அளவு பேட்டரிகள், தூரம் 160 வரை. மூன்றும் விளம்பரத்தில் பக்கத்துப் பக்கத்து எண்கள், பேட்டரியோ 14-இலிருந்து 21 வரை வேறுபடுகிறது. வகுத்துப் பார்த்தால் ஏஸ் புரோவின் கணக்கு கிலோமீட்டருக்கு 0.093 யூனிட். புதிய வண்டி எடை குறைந்தது, சிக்கனமானது என்பது உண்மைதான். ஆனால் 750 கிலோ ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது காற்றும் டயரும் கேட்கிற ஆற்றலைக் கொடுத்தே ஆக வேண்டும், அங்கே சின்னப் பேட்டரி சீக்கிரம் காலியாகும். ஆகவே ஷோரூமில் தூரத்தைக் கேட்பதற்கு முன்னால் பேட்டரி எத்தனை யூனிட் என்று கேளுங்கள்.

இனி நம் ஊர் லோடுகளுக்கு வருவோம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் இந்தச் சின்ன வட்டாரத்தில் ஓடுகிற லோடுகள் ஒன்றைப் போல ஒன்று இல்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து இது நூல் ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும். அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தினமும் பால் வந்து இறங்குகிறது. இந்த ஒவ்வொரு லோடும் பேட்டரியை ஒவ்வொரு விதமாகச் சாப்பிடுகிறது.

முதலில் பால், ஏனென்றால் பேட்டரி வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமைவது அரிது. மம்சாபுரம் பக்கமோ வத்திராயிருப்பு பக்கமோ விடிகாலையில் வண்டி கிளம்புகிறது. ஊருக்கு ஊர் நின்று கேன் ஏற்றுகிறது. 40 லிட்டர் கேன் பன்னிரண்டு ஏற்றினால் கேன் எடையும் சேர்த்து 600 கிலோவை நெருங்கிவிடும். ஏஸ் இ.வி.யின் கொள்ளளவு அதுதான். ஆனால் கனம் முழுவதும் வருவது கடைசி ஊரில், அதுவரை வண்டி பாதி லோடோடுதான் ஓடுகிறது. வேகம் 40-ஐத் தாண்டாது. முக்கியமாக, நிற்கிறபோதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருகிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிப் பேட்டரிக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பும்.

இது எவ்வளவு என்று கணக்கிடலாம். முழு லோடோடு 1,840 கிலோ எடையுள்ள வண்டி, நின்ற நிலையிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஏறக்குறைய 0.03 யூனிட் தேவை. நூறு இடத்தில் நின்று கிளம்பினால் மூன்று யூனிட். அதில் பாதி பிரேக்கில் திரும்பினாலும் ஒன்றரை யூனிட், பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். டீசல் வண்டியில் இந்த மூன்று யூனிட்டும் பிரேக் டிரம்மில் சூடாகிப் போய்விடும், கேன் ஏற்றுகிற நேரத்தில் எஞ்சின் சும்மா ஓடி எரிக்கிற டீசல் தனி. பால் வண்டி காலை வேலையை முடித்துவிட்டு மத்தியானம் நிழலில் நிற்கிறது, அப்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். இப்படி ஒரு வேலைக்கு இன்னும் டீசலைக் கொட்டிக்கொண்டிருப்பது வருத்தப்பட வேண்டிய விரயம்.

சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியின் கதை நேர்மாறானது. எடை குறைவு, இடம் அதிகம். ஆயிரம் கிலோ ஏற்றலாம் என்கிற வண்டியில் துணிப் பொதி ஏற்றினால் பாதி எடை வருவதற்குள் கேபினுக்கு மேலே இரண்டடி உயர்ந்துவிடும். எடை குறைவுதானே, பேட்டரிக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டடி காற்றில் நிற்கிறது. வண்டியின் முகப்பு மூன்று சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டடி கூடினால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் கூடுகிறது, காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. தார்ப்பாயை இழுத்துக் கட்டாமல் படபடவென்று அடிக்க விட்டால் அதற்கும் மேலே. ஊருக்குள் 30, 40-இல் போகிறவரைக்கும் இது தெரியாது. கிருஷ்ணன்கோவில் தாண்டி வேகம் பிடித்ததும் மீட்டரில் சதவீதம் இறங்குவதைப் பார்த்தால் தெரியும்.

எடையைப் பற்றிச் சொல்ல அமெரிக்கச் சோதனை ஒன்று கைகொடுக்கிறது. 2023-இல் அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்ற பெரிய பேட்டரி பிக்கப்பின் தொட்டியில் 1,400 பவுண்டு மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தது. நம் கணக்கில் 635 கிலோ. ஏஸ் இ.வி.யின் 600 கிலோ கொள்ளளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். லோடு இல்லாமல் 278 மைல் ஓடிய வண்டி லோடோடு 210 மைல் ஓடியது. கால் பங்கு தூரம் போய்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது, லைட்னிங்கின் சொந்த எடையே ஏறக்குறைய மூன்று டன். மூன்று டன் வண்டிக்கு 635 கிலோ என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஏஸ் இ.வி.யின் சொந்த எடை ஏறக்குறைய ஒண்ணேகால் டன்தான். அதற்கு 600 கிலோ என்பது பாதி. டயர் தரையில் உருள்வதற்கான தடை எடையோடு நேராக ஏறுகிற ஒன்று. ஆகவே முழு லோடில் அது ஒன்றரை மடங்காகிறது. 600 கிலோ வண்டியில் ஆயிரம் கிலோ ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி ஏற்றினால் தூரம் குறைவதோடு பிரேக்கும் சஸ்பென்ஷனும் சேர்ந்து கெடும். ஒரு டன் தேவை என்றால் ஒரு டன்னுக்கே வடிவமைத்த வண்டி வாங்க வேண்டும். 2024-இல் வந்த ஏஸ் இ.வி. 1000 அப்படிப்பட்டது. ஓசூரில் அசோக் லேலண்டின் ஸ்விட்ச் நிறுவனம் 1.2 டன், 1.7 டன் அளவுகளிலும் பேட்டரி வண்டி செய்கிறது.

டயரைச் சொன்னதால் ஒரு வார்த்தை: காற்றழுத்தம் குறைந்த டயர் பேட்டரியைச் சத்தமில்லாமல் தின்னும். வாரம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாம்பழ சீசனில் தோப்புக்குள் புகுந்து வருகிற வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம். மண்பாதையில் உருளும் தடை தார்ச்சாலையைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். நல்லவேளையாகத் தோப்புப் பாதை எல்லாம் சில கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வேகம்.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 40-இல் இருக்கிற தடை 60-இல் இரண்டேகால் மடங்கு, 80-இல் நான்கு மடங்கு. இதை உலகமே பார்க்கும்படி காட்டியவர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள். செவர்லே சில்வராடோ இ.வி. என்ற பிக்கப்புக்கு அமெரிக்க அரசின் கணக்குப்படி 493 மைல் தூரம். 2025-இல் அதே வண்டியை ஒரே சார்ஜில் 1,059 மைல் ஓட்டினார்கள். 1,700 கிலோமீட்டருக்கு மேல்! பேட்டரியை மாற்றவில்லை. வேகத்தை மணிக்கு 20, 25 மைலில், அதாவது 32 முதல் 40 கிலோமீட்டருக்குள் நிறுத்திக்கொண்டார்கள். டயர் காற்றழுத்தத்தைக் கூட்டினார்கள், ஸ்டெப்னி டயரைக் கழற்றிவைத்தார்கள், தொட்டியை மூடினார்கள், ஏ.சி. போடவில்லை. தூரம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்த வேகத்தில் யாரும் பிழைப்புக்கு வண்டி ஓட்ட முடியாது என்பது சரிதான். ஆனால் நம் பால் வண்டி தினமும் ஓடுவது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதில் நம் ரோட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல், திருமங்கலம்–இராஜபாளையம் பகுதிக்கு நான்குவழிச் சாலைத் திட்டம். நல்ல ரோடு வந்தால் நேரம் மிச்சம், அலுப்பு மிச்சம், விபத்தும் குறைய வேண்டும். டீசல் வண்டிக்கு அது முழு இலாபம். பேட்டரி வண்டிக்கோ, பழைய இருவழிச் சாலையில் ஊர் ஊராகப் புகுந்து 40-இல் போனபோது கிடைத்த தூரம், நான்குவழியில் ஒரே சீராக வேகமாகப் போகும்போது கிடைக்காது. பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து ஓட்டினால் மதுரைக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகும், ஆனால் பேட்டரியில் மிச்சமாகிற சதவீதம் திரும்பி வருகிற தைரியத்தைக் கொடுக்கும்.

வேகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆடிக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து தென்காசி, கடையநல்லூர் பக்கம் அடிப்பது எல்லோருக்கும் தெரியும். இராஜபாளையத்திலிருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகத் தென்காசிக்குப் போகும் வண்டி, அந்தப் பக்கத்தை நெருங்க நெருங்க அதற்கு முகம் கொடுத்துத்தான் போகிறது. எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், 60-இல் போகும் வண்டி காற்றைப் பொறுத்தவரை 80-இல் போவதாகத்தான் அர்த்தம். 80-இன் வர்க்கத்தை 60-இன் வர்க்கத்தால் வகுத்தால் 1.78. காற்றுத் தடை கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடுகிறது. மேலே துணிப் பொதியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், உண்மை. ஆனால் திரும்புகிற வண்டி பெரும்பாலும் காலி வண்டி. சிரமம் எல்லாம் லோடோடு போகிற பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆனியிலும் ஆடியிலும் தென்காசி லோடு எடுப்பவர் மற்ற மாதத்துக் கணக்கை நம்பக்கூடாது.

டீசல் குட்டி யானையும் இதே காற்றைத்தானே எதிர்த்துப் போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டீசல் எஞ்சின் எரிக்கிற ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகவும் புகையாகவும் வெளியே போய்விடுகிறது, வண்டியைத் தள்ளுவது மிச்சம் ஒரு பங்குதான். லோடு கூடினாலும் காற்று கூடினாலும், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற பெரிய விரயத்துக்குள் அது பாதி மறைந்துவிடும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைந்ததை வழியில் இருக்கிற பங்க் மறக்கடித்துவிடும். பேட்டரி வண்டியின் மோட்டாரில் விரயம் மிகக் குறைவு. அதனாலேயே ரோட்டில் நடக்கிற ஒவ்வொன்றும் நேராக மீட்டரில் தெரிகிறது. ஒரு லிட்டர் டீசலில் இருக்கிற ஆற்றல் ஏறக்குறைய பத்து யூனிட். அப்படியானால் ஏஸ் இ.வி.யின் முழுப் பேட்டரியும் இரண்டு லிட்டர் சொச்சம் டீசலுக்குச் சமம்! இரண்டு லிட்டர் டீசல் அளவு ஆற்றலில் அரை டன் சரக்கோடு நூறு கிலோமீட்டர் போகிற வண்டி என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். அதே நேரம், இரண்டு லிட்டர் டீசலை மட்டும் டேங்கில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் எத்தனை ஜாக்கிரதையாக இருப்பாரோ அத்தனை ஜாக்கிரதையும் தேவை.

இரண்டு விஷயத்தில் நம் மண் நமக்குச் சாதகம். ஒன்று, சமதரை. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நின்றாலும், மதுரை, சிவகாசி, சங்கரன்கோவில், தென்காசி என்று நம் லோடு போகிற பாதை எதுவும் மலை ஏறுவதில்லை. முழு லோடு வண்டி நூறு மீட்டர் உயரம் ஏறுவதற்கே அரை யூனிட் போய்விடும், மோட்டாரின் விரயம் தனி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, புனலூர் என்று கேரளத்துக்குள் இறங்குகிற லோடுதான் இதற்கு விலக்கு. மற்றொன்று, குளிர் இல்லை. நார்வே நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பேட்டரி கார்களை ஓட்டிப் பார்க்கிறது. அங்கே உறைபனியில் பேட்டரியும் சோர்ந்து, வண்டிக்குள் சூடேற்றவும் கரண்டு போய், பல கார்கள் சொன்ன தூரத்தில் கணிசமான பங்கை இழக்கின்றன. நமக்கு அந்தக் கவலை இல்லை. சித்திரை வெயில் வேறு வகைக் கவலை: அது அன்றைய தூரத்தை அதிகம் குறைக்காது, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே வேகச் சார்ஜில் போடாமல், நிழலில் கொஞ்சம் ஆறவிட்டுப் போடுவது நல்லது.

சார்ஜ் ஏற்றுவதிலும் ஒரு கணக்கு உண்டு. வீட்டு மீட்டரில் ஓடுகிற யூனிட் எல்லாம் பேட்டரிக்குள் போய்ச் சேராது. சார்ஜரிலும் ஒயரிலும் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும், சூடாகிப் போகும். வண்டி கிலோமீட்டருக்கு 0.18 யூனிட் எடுத்தால் மின்கட்டணத்தில் 0.20 என்று எழுதிக்கொள்ளுங்கள். யூனிட் பத்து ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிற டீசல் வண்டியில், லிட்டர் 90 ரூபாய் என்றால், ஆறு ரூபாய். நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் நானூறு ரூபாய் மிச்சம். இந்த நானூறு ரூபாய்தான் தவணையைக் கட்டப்போகிறது. ஆனால் வண்டி நிஜமாகவே நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். 15 ஆம்பியர் சாக்கெட்டில் முழு சார்ஜ் ஏற ஆறேழு மணி நேரம் ஆகும், அது இரவு வேலை. பகலில் மாட்டுத்தாவணியில் ‘கொஞ்ச நேரம்’ சாதாரண சாக்கெட்டில் போட்டால் ஒரு மணிக்கு மூன்று யூனிட், இருபது கிலோமீட்டர்கூட முழுசாகக் கிடைக்காது.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ரூட் வாரியாகப் போடுவோம். 21.3 யூனிட் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைக்க வேண்டும், அது ஆபத்துக்கு. கையில் நிற்பது 17. ஊருக்குள்ளும் ஸ்ரீவில்லிபுத்தூர் நடையிலும் கிலோமீட்டருக்கு 0.14 என்றால் 120 கிலோமீட்டர். இராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் நாலு நடை போய்வந்தாலும் 96 தான், தாராளம். சிவகாசி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், போய்வர அறுபது. பயமில்லை. மதுரை ரோட்டில் முழு லோடோடு 0.18 என்றால் 94 கிலோமீட்டர். போய்ச் சேரலாம், அங்கே வேகச் சார்ஜர் நிச்சயம் இருந்து, ஒன்றரை, இரண்டு மணி நேரம் காத்திருக்க முடிந்தால் மட்டுமே திரும்பலாம். ஆடியில் தென்காசி ரோடு 0.22 என்றால் 77 கிலோமீட்டர். தென்காசி ஏறக்குறைய அறுபது. போனபின் கையில் மிஞ்சுவது திரும்பி வரப் போதாது. இந்த எண்ணெல்லாம் புது பேட்டரிக்கு. ஐந்தாறு வருடத்தில் பேட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் எல்லாத் தூரத்தையும் அதே அளவு குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஸ்ரீவில்லிபுத்தூர் நாலு நடை ஓடும்.

இந்த 0.14, 0.18, 0.22 எல்லாம் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அது ஒரு காலைப் பொழுது வேலை. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று காலி வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் லோடை, வழக்கமாக ஏற்றுகிற உயரத்துக்கு, தார்ப்பாயும் கட்டி ஏற்றுங்கள். இராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கிளம்பும்போது பேட்டரி சதவீதம், ஓடோமீட்டர் எண், திரும்பியதும் அதே இரண்டும் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த சதவீதத்தைப் பேட்டரி யூனிட்டால் பெருக்கி நூறால் வகுத்து, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் உங்கள் எண். 45 கிலோமீட்டருக்கு 36 சதவீதம் இறங்கியிருந்தால் 7.7 யூனிட், கிலோமீட்டருக்கு 0.17. விற்பவர் லோடு ஏற்ற விடமாட்டேன் என்றால், அந்த வண்டியை ஏற்கெனவே ஓட்டுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரோடு ஒரு நடை போய் வாருங்கள், டீசல் செலவு இல்லாத வண்டிதானே, மறுக்கமாட்டார்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் என்ன லோடு, எந்த ரூட், எந்த மாதம், எத்தனை யூனிட் என்று நாலு பத்தியில் எழுதி, வண்டி ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒரு நோட்டில் வைக்க வேண்டும். இரண்டு வண்டி வைத்திருக்கிற வீடுகள் பால், நூல், ஊருக்குள் ஓடுகிற சில்லறை லோடு ஆகியவற்றைப் பேட்டரி வண்டிக்குக் கொடுத்துவிட்டு, மதுரையும் தென்காசியும் கேரள லோடும் இப்போதைக்கு டீசலுக்கே வைத்துக்கொள்ளலாம். மதுரை ரோட்டில் நம்பகமான வேகச் சார்ஜர்கள் போதுமான அளவு வந்தபின், அந்த நோட்டில் சேர்ந்திருக்கிற எண்களை வைத்து மதுரைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.